அவன் பஸ் ஏறிப் போகட்டும்

நீங்கள் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருப்பதாக ஆபீசிலிருந்து போனில் சொன்னார்கள். உங்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். அறிக்கையை எந்தத் தாளில் எழுதுவது, பிரதியை எப்படித் திருப்பி அனுப்புவது என்பதையெல்லாம் அவர்களே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் செய்த இரண்டு தவறுகளைச் சொல்கிறேன். ஒன்று சிறியது. மற்றது சிறியதல்ல.

நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டே நம் பதிப்பகத்துக்குப் பதினேழு வருடம் முதல் வாசகியாக இருந்தேன். என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. வாரம் ஒருமுறை தபால்காரர் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு தபால் கட்டு வைத்துவிட்டுப் போவார். உள்ளே இன்னும் அச்சாகாத நான்கைந்து நாவல்கள். எல்லாம் ஒரே வகை. ஒற்றை ஆள். ஊர் கிடையாது, உறவு கிடையாது. ஏதோ ஓர் ஊருக்கு வருவான். அங்கே அநியாயம் நடக்கும். நாலு பேர் கையை உடைப்பான். நாற்பது பேர் வருவார்கள், அவர்களையும் உடைப்பான். போடலாம், வேண்டாம், திருத்தினால் போடலாம் என்று மூன்றில் ஒன்றைச் சொல்லி, இரண்டு பக்கத்துக்குள் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். சண்டை நாவல் படிப்பது ஒரு வேலையா என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள்.

சேர்ந்த புதிதில் ஒரு நாவலை வேண்டாம் என்று எழுதினேன். நாயகன் கையிலிருந்தது ஆறு குண்டு போடும் துப்பாக்கி. நடுவில் குண்டு போடாமலேயே ஒன்பது தடவை சுட்டான். அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. பதிப்பகத்தின் ஆசிரியர் போனில் கூப்பிட்டார். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, ஆசிரியர் என்றே சொல்கிறேன்.

“எந்தப் பக்கத்துல எண்ண ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

“குண்டை எண்ண ஆரம்பிச்சது எந்தப் பக்கத்துலன்னு பாருங்க. அந்தப் பக்கத்துலதான் கதை உங்களை விட்டுடுச்சு. குண்டு தப்புன்னு எழுதாதீங்க. கதை எங்க விட்டுச்சுன்னு எழுதுங்க.”

திரும்பப் படித்துப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அங்கே நாயகனின் நண்பன் சாகிறான், நாயகன் அதைப் பற்றி ஒரு வரிகூட நினைக்காமல் ஜீப்பில் ஏறுகிறான். அறிக்கையை மாற்றி எழுதினேன். எழுதியவர் அந்த ஓர் இடத்தைத் திருத்தினார். புத்தகம் வந்தது. ஒன்பது குண்டுகளும் அப்படியேதான் இருந்தன. ஒரு வாசகரும் எண்ணவில்லை.

இதிலிருந்து நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கதை என் கையை விடுவதை எனக்குக் கவனிக்கத் தெரிந்தது. நான் கதையின் கையை விடுவதைக் கவனிக்கத்தான் தெரியவில்லை.

என் கணவர் நாவல் படிக்கிறவர் இல்லை. ஆனால் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ஷூவைக் கழற்றும்போதே “உன் ஆளு இன்னைக்கு என்ன பண்ணான்?” என்று கேட்பார். அவர் சாப்பிடச் சாப்பிட நான் கதை சொல்வேன். “இவனுக்கு வீக்லி ஆஃப் கிடையாதா? சட்டை யாரு தொவைக்கிறா?” என்பார். அவர் கேட்ட கேள்விகளில் பாதி என் அறிக்கைகளில் போயிருக்கின்றன.

தானே புயல் அடித்து டவுன்ஷிப்பில் மரமெல்லாம் சாய்ந்ததே, அதற்கு முந்தின மாதம் அவர் போய்விட்டார். லீவு நாள் காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனுக்கு வந்தேன். மகள் புனேயில் இருந்தாள், கூப்பிட்டாள், நான் போகவில்லை. கொஞ்ச நாள் கட்டு அனுப்பாமல் இருக்கட்டுமா என்று ஆசிரியர் கேட்டார். வேண்டாம், அனுப்புங்கள் என்றேன். வேலை இருந்தால் நல்லது என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார். மதியம் ரோட்டில் கம்பெனி பஸ் போகும் சத்தம் கேட்டால் படித்துக்கொண்டிருக்கும் வரியிலேயே நின்றுவிடுவேன். பஸ் நிற்காமல் போன பிறகு அடுத்த வரிக்குப் போவேன்.

இப்படி ஒரு வருடம் போன பிறகு அந்தப் பிரதி வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையில் எழுதியிருந்தது. எழுதியவர் பெயர் துரை. முகவரி வடலூர். பக்கத்து ஊர் என்பதால் ஒரு சந்தோஷத்தோடு பிரித்தேன்.

நாயகன் பெயர் வீரையன். லாரி ஓட்டியவன். கடற்கரையோரம் உப்பளம் இருக்கும் ஓர் ஊரில் வந்து இறங்குகிறான். உப்பளத்து ஆட்களை மிரட்டி வைத்திருக்கும் ஒரு கூட்டம். தையல் வேலை செய்யும் ஒரு பெண் அவனுக்குத் தங்க இடம் கொடுக்கிறாள். சண்டைகள் எல்லாம் சுருக்கமாக, அடி விழும் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தன. கிழிந்த சட்டையை அவள் தைத்துக் கொடுக்கிறாள். அவன் போட்டுக்கொள்கிறான், திரும்பக் கிழிகிறது. அந்தப் பெண்ணுக்கு அவன் மேல் ஆசை என்று எங்கேயும் எழுதவில்லை. ஆனால் தையலைப் படித்தால் தெரியும். கடைசி அத்தியாயத்தில் கூட்டம் ஒழிகிறது. விடியற்காலையில் அவன் யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறான். அவள் எழுந்து பார்க்கும்போது பஸ் திரும்புகிறது.

நான் எங்கேயும் எதையும் எண்ணவில்லை. கடைசி வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அழுதுகொண்டே அறிக்கை எழுதினேன். போடலாம், ஒரே ஒரு திருத்தம், கடைசி அத்தியாயம் தவறு என்று எழுதினேன். “இவ்வளவு செய்த பெண்ணை விட்டுவிட்டு அவன் போவது நியாயமில்லை. அவன் அங்கேயே இருந்துவிட வேண்டும்.” இதுதான் என் வாசகம். அப்போது என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. ஆசிரியர் என் வாசகத்தை அப்படியே கடிதத்தில் வைத்து, கடைசி அத்தியாயத்தின் தாள்களை மட்டும் வடலூருக்குத் திருப்பி அனுப்பினார்.

பத்து நாளில் புது அத்தியாயம் வந்துவிட்டது. வீரையன் போகவில்லை. தையல்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு டீக்கடை வைக்கிறான். ஆபீசில் எல்லோருக்கும் திருப்தி. அட்டை அச்சாகிவிட்டது. முந்தின மாத நாவலில் விளம்பரமும் வந்துவிட்டது.

அச்சுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் கடைசிப் புரூஃப் என்னிடம் வந்தது. பிழை பார்க்க வேண்டியது மட்டும்தான் என் வேலை. கடைசி அத்தியாயத்தில் என்னையறியாமல் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். “சிரித்தான்” என்ற சொல் நான்கு பக்கத்தில் பதினொரு தடவை. அதுவரை ஓடிவந்த வாக்கியங்கள் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டன. வீரையன் செத்துப்போன மாதிரி இருந்தது. செத்துப்போனவன்தான் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

என்ன கோளாறு என்று எனக்குத் தெரியவில்லை. எங்கே கோளாறு என்று மட்டும் தெரிந்தது. பிரதியில் கொடுத்திருந்த எண் ஒரு மளிகைக் கடையுடையது. எடுத்தவர் “கூப்பிட்டு அனுப்புறேங்க” என்று வைத்துவிட்டார், யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. புரூஃபைப் பையில் போட்டுக்கொண்டு வடலூர் பஸ்ஸில் ஏறினேன். முதல் வாசகி எழுத்தாளர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது விதி. உங்களுக்கும் அதைச் சொல்வார்கள். நல்ல விதிதான்.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சந்து. ஓட்டு வீடு. கதவருகே தையல் மெஷின், அதில் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். துரை சாரைப் பார்க்க வேண்டும், பதிப்பகத்திலிருந்து வருகிறேன் என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. மெஷினைப் பிடித்துக்கொண்டே எழுந்து, உள்ளே கையைக் காட்டினாள்.

உள்ளே கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். ஒரு பக்கம் விழுந்திருந்தது. சுரங்கத்தில் கான்ட்ராக்டில் வேலை செய்தவர், நாலு வருடத்துக்கு முன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாதம் வந்தது என்று அவள் பிறகு சொன்னாள். பேச்சு வராது. எப்போதாவது ஒரு சொல் வரும்.

கதையை எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. அவள் பெயர் செல்வி.

“புக்கு வராதுங்களா?” என்றுதான் அவள் முதலில் கேட்டாள். வரும் என்றேன். சண்டைக் கதையைப் பொம்பளை எழுதினால் போட மாட்டார்கள் என்று பயந்து கணவர் பெயரைப் போட்டதாகச் சொன்னாள். அதைவிட, அவர் பெயரை அச்சில் பார்த்தால் அவருக்குத் தெம்பு வரும் என்று நினைத்தாளாம். ஒவ்வொரு அத்தியாயமும் எழுதி முடித்ததும் கட்டிலோரம் உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டுவாள்.

நான் புரூஃபைப் பையிலிருந்து எடுத்தேன். கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பஸ்ஸு,” என்றார்.

செல்வி சங்கடத்தோடு சிரித்தாள். “ரெண்டு மாசமா இதயே சொல்லிகினுதான் இருக்காருங்க. எங்கனா வெளிய இட்டுகினு போவச் சொல்றாருன்னு நெனைக்கிறேன். நான் எப்படிங்க இட்டுகினு போவேன்?”

ரெண்டு மாதமாகவா என்று கேட்டேன். எப்போது ஆரம்பித்தார் என்று கேட்டேன். அவள் யோசித்தாள். புது அத்தியாயத்தைப் படித்துக் காட்டின அன்றிலிருந்து என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன். “வீரையன் பஸ் ஏறிப் போயிடணுமா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். “போவட்டும்,” என்றார். அந்தச் சொல் வெளியே வர வெகுநேரம் ஆனது.

செல்வி தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்படியே பேசினாள்.

“உங்க லெட்டர்ல இருந்துச்சுங்களே, இவ்ளோ செஞ்சவங்கள வுட்டுட்டுப் போறது ஞாயமில்லன்னு. அதப் படிச்சதும் என்னியே சொன்ன மாதிரி இருந்துச்சு. நான் எங்கயும் போவ மாட்டேங்க. இவர வுட்டுட்டு ஒரு நாளும் போவ மாட்டேன். ஆனா அவன் பஸ் ஏறுறத எழுதும்போது எனக்கு நல்லா மூச்சு வந்துச்சு. படிச்சவங்களுக்கு அது தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். இவருக்கும் தெரிஞ்சிருக்குமோன்னு பயந்துதான் மாத்திட்டேன்.”

என் வாழ்க்கையில் நான் எழுதிய எந்த வரிக்காகவும் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. நான் அவள் நாவலைப் பற்றி அதை எழுதவே இல்லை. என்னை விட்டுவிட்டுப் போன ஒருவரிடம் போகாதே என்று எழுதியிருந்தேன். அது பதிப்பகத்தின் கடிதத்தில், முத்திரையோடு, வடலூரில் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்து, நீ கெட்டவள் என்று சொல்லியிருக்கிறது. இதை அவளிடம் சொன்னேன். என் கணவர் போனதையும் சொன்னேன். அவள் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு மேடம் என்று கூப்பிடவில்லை, அக்கா என்றாள்.

பழைய அத்தியாயம் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த பையை எடுத்துக் கவிழ்த்தாள். அந்த அத்தியாயத்தின் தாள்களை ஜாக்கெட் அளவுக்கு வெட்டி வைத்திருந்தாள். கை ஒன்று, முதுகு ஒன்று, நீல மையில் வாக்கியங்கள் பாதி பாதியாக ஓடின. ஆபீசிலும் நகல் கிடையாது.

மளிகைக் கடையிலிருந்து ஆசிரியரைக் கூப்பிட்டேன். கடைசி அத்தியாயத்தை மாற்ற வேண்டும் என்றேன். அவர் கத்தவில்லை. யார் சொன்னது, எழுத்தாளரா என்றார்.

“இல்ல சார். நான் சொல்லி மாத்தினது தப்பு. எழுதினவங்க மேல தப்பில்ல. என் வீட்டுக்காரர் போன வருத்தத்தை அறிக்கையில எழுதிட்டேன்.”

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்றுதான் காத்திருந்தேன்.

“நாலு பக்கம்தான் இடம் இருக்கு,” என்றார். “அஞ்சாவது பக்கம் போனா ஃபாரம் மாறி, இன்னொரு முழு அச்சுத் தாள் சேர்க்க வேண்டியிருக்கும். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள வரணும். வரலேன்னா இருக்கிறதுதான் அச்சுக்குப் போகும்.”

திரும்பி வந்து செல்வியிடம் சொன்னேன். முன்னே எழுதியது அப்படியே வராதே என்றாள். அப்படியே வர வேண்டாம், அவன் போனால் போதும் என்றேன். இவரை யார் பார்ப்பது என்றாள். நான் பார்க்கிறேன் என்றேன்.

அவள் சமையலறை வாசலில் பலகையைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன். முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எப்படி என்று அவள் ஒரு முறை காட்டினாள், அடுத்த முறை நானே செய்தேன். கஞ்சி கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வாயையும் மெதுவாக விழுங்கினார். என் கணவருக்கு நான் ஒரு நாள்கூட இப்படிச் செய்யும்படி நேரவில்லை. அதற்கு முன்னால் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். அன்று நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று மணி நேரம் ஆனது. அவள் இரண்டு தடவை கிழித்துப் போட்டாள். ஒரு தடவை எழுந்து வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தாள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்குக் கடினமாக இருந்தது அதுதான். எழுதி முடித்ததும் என்னிடம் கொடுக்க வந்தாள். முதலில் அவருக்குப் படியுங்கள் என்றேன்.

அவள் படித்தாள். இந்தத் தடவை தையல்காரி தூங்கவில்லை. விழித்திருக்கிறாள். அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போகிறான் என்று தெரிந்தும் எழாமல் படுத்திருக்கிறாள், அவன் சத்தம் போடாமல் போகட்டும் என்று. கடைசியில் பஸ் கதவு சாத்தும் சத்தம் மட்டும். துரை கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் நல்ல பக்கத்துக் கையால் அவள் முழங்கையைத் தொட்டார். அவள் தாளை மடக்கினாள்.

முதலில் எழுதியதைவிட இது நன்றாக இருந்தது. என் தவறால்தான் நன்றாக ஆனது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த இரண்டு மாதப் பயத்துக்கு எந்த நல்ல அத்தியாயமும் ஈடாகாது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலிருந்த பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து அன்று மாலையே அனுப்பிவிட்டோம். அச்சில் சரியாக நாலு பக்கம் வந்தது. புத்தகம் துரை பெயரிலேயே வெளிவந்தது. அவள் மாற்ற வேண்டாம் என்றுவிட்டாள். அடுத்த நாவல்களில் செல்வி துரை என்று போட்டார்கள். மொத்தம் ஆறு நாவல் எழுதினாள், எல்லாம் வீரையன் கதைதான். நான்காவது எழுதிக்கொண்டிருக்கும்போது துரை இறந்துபோனார். நான் போயிருந்தேன். அடுத்து வரும் பிரதியில் வீரையன் எங்காவது தங்கிவிடுவான் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. தங்கவில்லை. எப்போதும்போல் பஸ் ஏறினான். பிறகொரு முறை பேச்சோடு பேச்சாக அதைக் கேட்டேன். “அவருக்கு அப்படித்தான புடிக்கும், அக்கா,” என்றாள்.

இனி உங்களுக்கு. வடலூரிலிருந்து வந்த மறுவாரம், இரண்டு மாதம் எனக்குக் கட்டு அனுப்ப வேண்டாம் என்று ஆசிரியரிடம் நானே கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் எதுவும் நடக்காத வாசகர் யாரும் தன்னிடம் இல்லை என்றார். அதற்குப் பதில் ஒன்று செய்யச் சொன்னார். இனிமேல் ஒவ்வொரு அறிக்கைக்கும் மேலே, பென்சிலில், பிரதியைப் படித்த அன்று எனக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத்தாளருக்கு அது போகாது. அவர் மட்டும் படிப்பார். என் அறிக்கையை எவ்வளவு நம்பலாம் என்று அந்த வரியை வைத்து முடிவு செய்துகொள்வார்.

எழுதினேன். “மகள் இந்த வாரம் பேசவில்லை.” “வீட்டு ஓனரம்மா திட்டினார்.” “அவர் சட்டைகளைக் கொடுத்துவிட்டேன்.” முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, அந்த வரியை எழுதிவிட்டு அதற்குக் கீழே பொய்யாக எதையும் எழுத முடியாது என்று தெரிந்தது. சில நாள் அந்த வரியைப் பார்த்துவிட்டு அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாள் முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறேன்.

நீங்களும் எழுதுங்கள். இப்போது யாரும் பென்சில் வைத்துக்கொள்வதில்லை என்று தெரியும், எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். ஓய்வு பெறுவதற்கு முன் நான் அனுப்பிய கடைசி அறிக்கையின் மேலே இப்படி எழுதியிருந்தேன்: “இன்று எதுவும் நடக்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். நன்றாக வந்தது.” ஆசிரியர் அதற்கு அடியில் ஒரு கோடு போட்டு, “இதை முழுவதும் நம்பலாம்” என்று எழுதி எனக்கே திருப்பி அனுப்பினார்.